கைது காட்டிய நேரம்

போலீஸ்ல பிடிக்கிறது வேற, கைது காட்டுறது வேற. பிடிச்ச ஆளை இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்னு சட்டம். அதுக்குள்ள விசாரிச்சு, நகையைத் தேடிப் பிடிச்சு, பேப்பரெல்லாம் எழுதி முடிக்க முடியுமா? அதனால இன்னிக்குப் பிடிப்போம், நாளைக்குப் பிடிச்சதா எழுதுவோம். சென்னையில ஒரு குற்றப்பிரிவுல பத்தொன்பது வருஷம் இப்படித்தான் குப்பை கொட்டினேன். எழுத்து வேலையில என்னை அடிச்சிக்க ஆள் இல்லன்னு பேரு. அந்தப் பேர்ல எனக்குத் திமிரும் இருந்துச்சு.

ஒரு புதன்கிழமை காலையில, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல செயின் பறிக்கிற ஒருத்தனைப் பிடிச்சோம். மயிலம் பக்கத்து ஆளு, சென்னையில அவன் மேல அஞ்சு கேஸ். நானும் ரெண்டு கான்ஸ்டபிளும் மஃப்டியில போய் ரெண்டு பக்கமும் நின்னப்ப, மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, உரிச்சு வாயில போட்டுக்கினு இருந்தான். ஓடக்கூட இல்ல. பக்கத்துலயே ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டு உக்காரவெச்சு, சாயங்காலம் வரைக்கும் விசாரிச்சோம். மத்தியானம் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். "பீஸே இல்ல சார், ஏமாத்திட்டானுங்க"ன்னு சொல்லி என்னையே சிரிக்க வெச்சான். நகையை எங்க வித்தான்னு எல்லாத்தையும் சொல்லிட்டான். மறுநாள் வியாழக்கிழமை காலையில, சென்னையில ஒரு பஸ் ஸ்டாப்புல பிடிச்சதா எழுதினேன். நாங்க எப்பவும் கூப்பிடுற ரெண்டு சாட்சிங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க.

அதே புதன்கிழமை மத்தியானம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்புக் காட்டு ரோட்டுல, புருஷனோட வண்டியில போய்க்கினு இருந்த ஒரு அம்மாவோட தாலிச் சங்கிலியை எவனோ இழுத்திருக்கான். கீழ விழுந்து மண்டை உடைஞ்சு செத்துப் போச்சு அந்த அம்மா. உள்ளூர் போலீஸ் பழைய குற்றவாளிங்க போட்டோவைக் காட்டினப்ப, அந்தப் புருஷன் நம்ம ஆளைக் கை காட்டிட்டாரு. அவரு வேணும்னு பொய் சொல்லல, பாவம். அழுது வீங்கின கண்ணுக்கு எந்த மூஞ்சியும் அந்த மூஞ்சியாத்தான் தெரிஞ்சிருக்கும்.

கொலைக் கேஸ். ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். அவன் அங்க இல்லன்னு தெரிஞ்ச ஆளுங்க நாங்க மூணு பேரு. எங்க பேப்பர்படியோ, அன்னிக்குப் பூரா அவன் வெளியில சுத்திக்கினு இருந்தான்.

அவன் பொண்டாட்டி என்னைத் தேடிச் சென்னைக்கே வந்துச்சு. ஆபீஸ் வாசல்ல நின்னுக்கினு, "ஐயா, அன்னிக்கு எங்க ஊட்டுக்காரரு உங்ககூடத்தான இருந்தாரு? அத வந்து சொல்லிடுங்கய்யா. திருடன்தான், நான் இல்லன்னு சொல்லல. கொலைகாரன் இல்லய்யா"ன்னுச்சு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? "யாரும்மா உன்னை உள்ள விட்டது?"ன்னு கத்தினேன். அது மேல எனக்கு என்ன கோவம்? பயம்தான். சொன்னா என் வேலை போகும், சென்னை கேஸ் அஞ்சும் புட்டுக்கும், புள்ளகுட்டிக்காரங்க அந்த ரெண்டு கான்ஸ்டபிளும் மாட்டுவாங்க. மேலதிகாரிகிட்ட லேசா போட்டுப் பார்த்தேன். "இன்னா மேன், புத்தி கெட்டுப் போச்சா? எழுதினது எழுதினதுதான். கம்முனு கெட"ன்னாரு.

கம்முனு கெடந்தேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்கா. நடுவுல சென்னை கேஸ் விசாரணைக்கு வந்துச்சு. வியாழக்கிழமைதான் பிடிச்சேன்னு அங்க சத்தியமும் பண்ணிட்டு வந்தேன். அன்னிக்கு ராத்திரி என்ன பேஜாருடா இதுன்னு வீட்டுல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன்.

கடைசியில அவன் வக்கீல் என்னையே சாட்சியா கூப்பிட்டு சம்மன் அனுப்பினாரு. விழுப்புரம் கோர்ட்டுக்குப் போற வழி பூரா, புதன், வியாழன்னு ரெண்டு பதிலையும் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன். கூண்டுல ஏறி அவனைப் பார்த்தேன். எலும்பும் தோலுமா இருந்தான். என்னைப் பார்த்ததும் மூஞ்சி மலர்ந்துச்சு பாருங்க, எனக்கு என் மேலயே ஆத்திரம் பொத்துக்கினு வந்துச்சு. வேலை போனா மயிரே போச்சுன்னு சொல்லிட்டேன். "புதன்கிழமை பூரா அவன் எங்ககிட்ட, திண்டிவனம் லாட்ஜ்ல இருந்தான். தேதியை நான்தான் மாத்தி எழுதினேன்."

அப்பாடான்னு இருந்துச்சு. அரசு வக்கீல் நிதானமா எழுந்து என் பேப்பரை நீட்டினாரு. இது உங்க கையெழுத்தா? ஆமா. சென்னை கோர்ட்டுல சத்தியம் பண்ணி இதைத்தான் சொன்னீங்க? ஆமா. லாட்ஜ் ரிஜிஸ்டர்ல உங்க பேரு இருக்கா? இல்ல, எழுத வேணாம்னு நான்தான் சொல்லியிருந்தேன். கூட இருந்த கான்ஸ்டபிளுங்க? அப்படி எதுவும் நடக்கவே இல்லன்னு அவங்க எழுதிக் கொடுத்துட்டாங்க. செல்போன் டவர் விவரமாவது இருக்கா? அதைக் கம்பெனியில கொஞ்ச காலத்துக்குத்தான் வெச்சிருப்பாங்க. நான் வாயை மூடிக்கினு இருந்த காலத்துல அதுவும் அழிஞ்சு போச்சு.

"அப்போ, இவங்ககிட்ட எவ்வளவு வாங்குனீங்க?"ன்னு கேட்டாரு. பின்னாடி யாரோ சிரிச்சாங்க. வாழ்நாள்ல மொத மொறையா கோர்ட்டுல உண்மையைச் சொன்னேன், அதை நம்ப ஒரு ஆள் இல்ல.

அவனுக்கு ஆயுள் தண்டனை. என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அப்பீல் போயிருக்கு, அங்கயும் நான் எழுதின பேப்பர்தான் அவனுக்கு எதிரா நிக்கும்.

தீர்ப்பு அன்னிக்கு அவன் பொண்டாட்டி கோர்ட்டுக்கு வெளியில பஸ்ஸுக்காக நின்னுக்கினு இருந்துச்சு. பக்கத்துல போய், "நான் உண்மையத்தாம்மா சொன்னேன், நம்பல"ன்னேன். அது அழல, திட்டவும் இல்ல.

"தெரியுங்கய்யா. நான் வந்து கேட்ட அன்னிக்குச் சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருப்பாங்க"ன்னு சொல்லிட்டு, வந்த பஸ்ஸுல ஏறிப் போயிடுச்சு.