கன்னியம்மாவின் ஓவன்

கன்னியம்மாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் செல்போன் பேட்டரி செய்யும் எங்கள் கம்பெனியில் அவளுக்கு ஓவன் வேலை. பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குடும்பம். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், இந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிய வேண்டும். அப்படியும் வாயில் அடக்கம் கிடையாது.

பேட்டரிக்குள் போகும் மெல்லிய செம்புத் தகட்டில் கிராஃபைட் கரியைப் பூசி, ஓவனில் பொட்டு ஈரம் இல்லாமல் காயவைக்க வேண்டும். ஈரம் தங்கினால் சார்ஜ் ஏறும்போது உள்ளே வாயு கிளம்பும், பேட்டரி சூடேறி உப்பிவிடும். இன்ஜினியர் ஒருநாள் சொன்னார். நாங்கள் மறந்துவிட்டோம். அவள் மறக்கவில்லை.

சூப்பர்வைசர் ஆதிகேசவன் தினமும் பதினோரு மணிக்குத் தன் சாப்பாட்டு டப்பாவை அதே ஓவனில் சூடாக வைப்பான். அவனைப் பார்த்து நானும் வைத்தேன்.

"சோத்து ஆவி தகட்டுல ஏறுது சார். வெளிய எடுங்க," என்பாள் கன்னியம்மா.

"நீ இன்னா சயின்டிஸ்டா? வாய மூடிக்கினு வேலையப் பாரு."

நானும் சேர்ந்து சிரிப்பேன். அவள் வயிறு எரியட்டும் என்றுதான்.

2007 மே மாதம் டெஸ்டிங் ரூமில் சார்ஜில் போட்ட நாற்பது பேட்டரிகள் பூரி மாதிரி உப்பின. ஒன்று தீப்பிடித்தது. மறுநாள் பதினொன்றரைக்கு முதலாளி சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார்.

"ஓவனப் பாத்துக்கினது இவதான் சார். சரியா காயவைக்கல," என்றான் ஆதிகேசவன்.

முதலாளி அவளைப் பார்த்தார். "நாளையிலேருந்து நீ வர வேணாம்."

"ஓவன்ல சோறு வைக்கிறாங்க சார். அந்த ஈரம்தான்." என் பக்கம் திரும்பினாள். "மோசஸ் அண்ணா, நீ சொல்லு. தெனம் பாக்குறியே."

அவள் என்னை அண்ணா என்றது அன்றுதான் முதல் தடவை. ஆதிகேசவன் என்னை முறைத்தான். எனக்கு என் வேலை முக்கியம்.

"நான் எதையும் பாக்கல சார்," என்றேன்.

 அவள் விறுவிறுவென்று போய் ஓவன் கதவைத் திறந்தாள். ஆதிகேசவனின் டப்பாவைக் காணோம். கார் சத்தம் கேட்டதுமே எடுத்துவிட்டிருக்கிறான் பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே இருந்தது ஒரே ஒரு டப்பா. என் கல்யாணத்துக்கு வந்த சீர்ப் பாத்திரம், மூடியில் பெயர் வெட்டியது.

முதலாளி கைக்குட்டையால் பிடித்து எடுத்து வாசித்தார். "மேரி. யாரு இந்த மேரி? இங்க வேலை செய்யுதா?"

கன்னியம்மா வாயைத் திறக்கவில்லை.

"இவன் சம்சாரம் சார்," என்று ஆதிகேசவன்தான் என்னைக் கைகாட்டினான்.