தூசி இருமல்

தங்கையின் குழந்தைக்குக் கக்குவான் இருமலைக் கொடுத்தவன் கையை உடைக்க வேண்டும் என்று சேந்தமங்கலம் பேருந்து நிலையத்தில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தேன். ஆள் யாரென்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கழுதைப்பால்காரன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் மாநிலம் மாநிலமாகப் போவது பிழைப்பு. இந்த முறை மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டுக்கு வந்தது தங்கை குழந்தைக்குப் பெயர் வைக்க. தாய்மாமன் குழந்தையை மடியில் போட்டுக் காதருகே குனிந்து மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். சொன்னேன். நடுநடுவே இருமல் குறுக்கிட்டது. "மாமன் பேரை முக்கி முக்கிச் சொல்றான் பாரு" என்று சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பால்காரன் டெம்போவில் கழுதையோடு மலைக்கு வந்தான். ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சங்கில் புகட்டினான். எங்கள் குழந்தை கடைசி. அடுத்த வாரம் அது பால் குடிப்பதை நிறுத்தியது. அவ்வளவாக இருமக்கூட இல்லை. மூச்சு நின்று நின்று உடம்பு நீலம் பாய்ந்தது. முதல் தடுப்பூசி போடும் நாள்கூட வந்திருக்கவில்லை. மலை இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தங்கை அதன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "ஊட்ல வேற யாருக்காச்சும் இருமல் இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன். தங்கையும் இல்லையென்று தலையாட்டினாள்.

கக்குவான் கிருமி என்றார். இத்தனூண்டு கிருமி எப்படி ஓர் உடம்பையே சாய்க்கிறது என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.

"வெள்ளை அணுதான் நமக்குக் காவல். கிருமியைப் பிடிக்க அது மேல கை மாதிரி ஒண்ணு இருக்குதுங்க. இந்தக் கிருமி நூல் மாதிரி ஒண்ணை வச்சு அந்தக் கையையே பிடிச்சுக்கும். அந்த வழியா வந்தா அணுவுக்குச் சரியாக் கோபம் வராது. சொந்தக்காரன் வந்த மாதிரி உள்ள விட்டுடும். சிலது அங்கேயே உசுரோட உக்காந்துக்கும்."

"பாப்பா பிழைச்சுக்குமுங்களா?"

"மருந்து போகுது. மூணு நாள் தாண்டட்டும்."

என்னால் உட்கார முடியவில்லை. மருந்து அதன் வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்று, பால்காரன் டெம்போ வந்து நிற்கும் சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன்.

பொழுது சாயும்போது அவன் வந்தான். சட்டையைப் பிடித்தேன். சங்கைப் பிடுங்கினேன். வாயில் ஒரு கெட்ட வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் இருமல் வந்துவிட்டது. மூச்சு வாங்க விடாமல் இருமி இருமி, கடைசியில் 'ஊப்' என்று காற்றை இழுத்து, குடித்த டீயைக் கக்கினேன்.

"அடிக்கறதுக்கு முன்னால மூச்சு உடுங்க சாமி" என்றான் பால்காரன். சட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது. "என்ன இருமல் இது?"

"ரிக்குத் தூசி."

"தூசியா? இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானுங்க எனக்கு நரைச்சுது. இது கக்குவானுங்க. எந்தக் கொழந்தைக்குக் குடுத்தீங்க?"

ரிக் வண்டியில் இருமாத ஆள் கிடையாது. கல் தூசி போகாத மூக்கு இல்லை. அதை எவனும் இருமல் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் டாக்டரம்மாவிடம் கூசாமல் இல்லீங்க என்றேன். பெயரை மூன்று முறை சொன்ன வாய் என்னுடையது.

சட்டையை விட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சங்கை வெந்நீர்ல கழுவித் தொலைங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பிப் போய் ஒப்புக்கொண்டேன். டாக்டரம்மா திட்டிய திட்டு எனக்கு வேண்டியதுதான். வாய்க்கு முகக்கவசம், ஐந்து நாள் மாத்திரை, வார்டுக்குள் வரக்கூடாது. மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு மாத்திரையையும் பழி வாங்குகிறவனாகவே விழுங்கினேன். அந்த நூல்கள் அறுவதை, பிடித்த கை நழுவுவதை, உள்ளே சுகமாக உட்கார்ந்திருப்பவன் சாவதை நினைத்துக்கொண்டே தண்ணீர் குடித்தேன். கோபம் வராத அணுக்களுக்கும் சேர்த்து நானே கோபப்பட்டேன்.

நான்காம் நாள் காலை தங்கை வெளியே வந்தாள். குழந்தை பால் குடித்திருந்தது. நான் எழுந்தேன்.

"அங்கயே நில்லுண்ணா. பேரு சொல்லணும்னா அங்கிருந்தே சொல்லு."

முகக்கவசத்தோடு, மரத்தடியிலிருந்து, சன்னலைப் பார்த்துக் கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்துத் திட்டினார்.

தங்கை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கேட்டுடுச்சு. போ, மாத்திரையைப் போடு."