கண்மாய்க்குள் கார் ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை

போடியில் அப்போது கார், ஜீப்பு வைத்திருந்தவர்களில் வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் ஆறு பேர். நான் ஏழாவது ஆள். என்னிடம் இருந்தது சைக்கிள்தான். ஐம்பதுகளின் நடுவில், இருபத்தெட்டு வயதில், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அவர்கள் என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம் என் கைக்கடிகாரத்தில் விநாடி முள் இருந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முந்தல் சாலையில் வண்டி விடுவார்கள். சரியாக ஆறரைக்கு ஊர் எல்லையில் கிளம்ப வேண்டும். மலையடிவாரத்தில் நான் நின்று யார் எப்போது வந்தார்கள் என்று குறிப்பேன். வண்டிச் சத்தம் கேட்கும்வரை சாலையில் போவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பேன். அந்தச் சாலையில் ஒரு காலை நேரத்தில் பதினேழு மாட்டு வண்டி, ஒன்பது சைக்கிள், இரண்டு ஆட்டு மந்தை போவதை எண்ணியிருக்கிறேன். இத்தனைக்கும் நடுவில் ஆறு பேர் பறந்து வந்தால் என்ன ஆகும் என்று வாரம் ஒருமுறை சொல்வேன். வாரம் ஒருமுறை சிரிப்பார்கள்.

கடைசியில் அது என் நெருங்கிய சிநேகிதனுக்குத்தான் நடந்தது. அவன் அந்த ஆறு பேரில் ஒருவன், ஏலக்காய் வியாபாரி ராவுத்தரின் ஒரே மகன். ஆட்டுக்கு விலகப் போய் ஒரு வைக்கோல் வண்டியின் பின்பக்கத்தை இடித்துவிட்டான். வண்டி சாய்ந்தது. வண்டிக்காரர் வைக்கோல் மேலேயே விழுந்ததால் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து போனார். அன்று மாலையே ராவுத்தர் காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்து, கம்பம் ஊரில் ஒரு ஜவுளிக் கடைக்காரருக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார்.

அந்தக் கார் என் சிநேகிதனுக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாள் அவன் ஏலக்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காய்களைப் பச்சை வேறு, வெளுத்தது வேறு என்று பிரித்துக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை தான் குளிப்பதற்கு முன்னால் காரைக் குளிப்பாட்டுவான். இஞ்சினைத் தானே பிரித்து, தானே பூட்டக் கற்றிருந்தான். விற்கிற செய்தியைச் சொன்னபோது அவன் குரல் சரியாக இல்லை.

"மாப்ளே, அத்தா பேசிட்டாருன்னா முடிஞ்சது. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லேன். வாத்தியாருன்னா கொஞ்சம் மதிப்பாரு."

போனேன். சாலையில் ஓட்டினால்தானே ஆபத்து, ஆளில்லாத இடத்தில் தடம் போட்டு, விதி வகுத்து, மருந்தும் ஆளும் வைத்து ஓட்டினால் ஒரு குறையும் வராது, பொறுப்பு என்னுடையது என்றேன். ராவுத்தர் கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"வாத்தியாரு தம்பி சொல்றதால ஒரு நாயித்துக்கெழமை பாக்குறேன். கம்பத்துக்காரரையும் கூட்டிட்டு வர்றேன். வண்டி நீங்க போட்ட தடத்தை விட்டு எறங்குச்சுன்னு வைங்க, அங்கேயே சாவியை அவருட்ட குடுத்துருவேன். சரியா?"

சரி என்றேன். வெளியே வந்ததும் சிநேகிதன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ராசிங்காபுரம் போகிற வழியில் ஒரு கண்மாய் சித்திரையில் வறண்டு கிடக்கும். மடைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு குழியில் சேறு நிற்கும். கிராம முன்சீப்பிடமும் சப்-இன்ஸ்பெக்டரிடமும் சம்மதம் வாங்கினேன். மூன்று வாரம் மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கேதான் என் சோலி. சுற்று ஆயிரத்து நூற்று நாற்பது தப்படி. தடத்தின் இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்பு அடித்த கல் நூற்று இருபத்து நான்கு. திருப்பங்கள் நான்கு, ஒவ்வொன்றிலும் உமி அடைத்த சாக்கு பத்து. மணல் நிரப்பிய மண்ணெண்ணெய்த் தகரம் பதினொன்று. டிஞ்சரும் பஞ்சும் வைத்துக்கொண்டு ஒரு கம்பவுண்டர். வேடிக்கை பார்க்கிறவர்கள் கரைமேல், கயிற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒரு வண்டி கிளம்பி ஒரு நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. முந்தக் கூடாது. ஓட்டுகிறவர்கள் துண்டு மடித்து வைத்த தொப்பியைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும். பந்தயம் இல்லை, அவரவர் நேரத்தை அவரவர் குறைத்துக்கொள்வதுதான்.

கிளப்பிவிடுவதற்குப் பஸ்சுக் கண்டக்டர் ஒருவரைப் பிடித்தேன். விசில் அவரிடமே இருந்தது. ஒன்று ஊதினால் நிற்க, இரண்டு ஊதினால் கிளம்ப. இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதில் எனக்கு ஒரே திருப்தி.

அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு ஆறு வண்டிகளும் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் கரைச் சரிவில் ஏற்றி நிறுத்தி பிரேக் பார்த்தேன். ஒரு ஜீப்பு அரையடி பின்னால் நழுவியது. அது குரங்கணிப் பக்கம் எஸ்டேட் பார்க்கும் மலையாளி மேனேஜருடையது. சரிசெய்த பிறகுதான் விடுவேன் என்றேன்.

"எந்தா சாரே இது! பத்து வருசமா இதே பிரேக்கை வச்சு மலை எறங்குறேன்."

"மலையில நான் இல்லை. இங்கே இருக்கேன்."

"தலைக்கு வேற தொப்பியா? அதுக்குள்ள துண்டா? இது வண்டி ஓட்டுற எடமா, மாப்பிள்ளை அழைப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் பிரேக்கைச் சரிசெய்தார். எஸ்டேட் தொப்பிக்குள் துண்டை மடித்து வைத்து, தாடைக்குக் கீழே நாடாவால் கட்டிக்கொண்டார். ஆறு பேரும் கட்டிக்கொண்டார்கள். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

ராவுத்தர் கரைமேல் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்தார். பக்கத்தில் கம்பத்துக்காரர், வெற்றிலையும் வாயுமாக. அவர் காரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு சுற்று அருமையாகப் போனது. ஆறு வண்டி, இரண்டு சுற்று, நான்கு திருப்பம். நாற்பத்தெட்டு முறை திரும்பியாகிவிட்டது, ஒரு கல்கூட அசையவில்லை. என் சிநேகிதன் இரண்டாம் சுற்றில் ஏழு விநாடி குறைத்திருந்தான். கரையிலிருந்து கைதட்டல். ராவுத்தர் கைதட்டவில்லை, ஆனால் குடையை மடக்கி மடிமேல் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

நான்காம் திருப்பம் மடைக்குப் பக்கத்தில். தடத்துக்கு இடப்பக்கம் அந்தச் சேற்றுக் குழி. அதனால் அங்கே வேறு யாரையும் நம்பாமல் நானே நின்றேன்.

மூன்றாம் சுற்றில் காற்று நின்றுவிட்டது. எல்லாவற்றையும் எண்ணிய நான் புழுதியை எண்ணவில்லை. முன்னால் போன எஸ்டேட் ஜீப்பு கிளப்பிய புழுதி, ஒரு நிமிடம் ஆகியும் அடங்காமல் திருப்பத்தின் மேல் அப்படியே தொங்கியது. சிநேகிதனின் கார் அதற்குள் நுழைந்தது. கல் தெரியாமல் அவன் வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட நிற்கிற மாதிரி ஊர்ந்தான். முன்சக்கரம் இடப்பக்கம் ஒதுங்குவதைப் பார்த்தேன். வலப்பக்கம் திருப்பினால் தப்பித்தான். கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினேன்.

"ரைட்! ரைட்!"

இஞ்சின் உறுமியது. கார் நேராகப் பாய்ந்தது. இரண்டு வெள்ளைக் கல்லுக்கு நடுவில் புகுந்து, சேற்றில் இறங்கி, முன்சக்கரம் இரண்டும் முக்கால்வாசி புதைந்து நின்றது.

கண்டக்டர் ஒற்றை விசிலை விடாமல் ஊதினார். கம்பவுண்டர் டிஞ்சர் புட்டியோடு ஓடி வந்தார். அவருக்கு வேலை இருக்கவில்லை. என் சிநேகிதன் கதவைத் திறந்து முழங்கால் சேற்றில் இறங்கினான். என்னைப் பார்த்தான்.

ராவுத்தர் குடையை ஊன்றிக்கொண்டு கரையிலிருந்து இறங்கி வந்தார். பின்னாலேயே கம்பத்துக்காரர். அவர் வந்ததும் சேற்றோரம் நின்றபடி காரின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

"தடத்தை விட்டு எறங்கியாச்சு," என்றார் ராவுத்தர். "பேச்சு பேச்சுதான். சாவியைக் கொண்டா."

அவன் சாவியை உருவி, சட்டையில் துடைத்து, நீட்டினான். நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இத்தனை கல்லும் சாக்கும் வைத்த வாத்தியார் பெயர் நாலு பேர் முன்னால் கெடக் கூடாது என்று அவன் நினைத்தான் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும். பேசாமல் இருக்கத்தான் எனக்கும் முதலில் தோன்றியது. எத்தனை விநாடி அப்படி நின்றேன் என்று நான் எண்ணவில்லை.

"ராவுத்தரய்யா, காரை இறக்கினது அவனில்லை. நான்."

"நீங்க எங்க தம்பி ஓட்டுனீங்க?"

"ரைட்டுன்னு கத்தினேன். வலப்பக்கம் திருப்பச் சொல்லி."

முதலில் சிரித்தது கண்டக்டர்தான். விசில் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"சார், பதினோரு வருசமா நான் ரைட்டுன்னா பஸ்சு கெளம்புது. இவரு ரைட்டுன்னா மட்டும் திரும்புமா?"

ராவுத்தர் சிரிக்கவில்லை. எஸ்டேட் மேனேஜரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நிக்கிற வண்டியில ஒங்களைப் பாத்து ஒருத்தன் ரைட்டுன்னா என்ன செய்வீங்க?"

"போவேன். வேற எந்தா செய்யிறது?"

மற்ற நான்கு பேரையும் வரிசையாகக் கேட்டார். போவோம் என்றார்கள். தன் மகனைக் கேட்டார்.

"போகச் சொல்றான்னு நெனச்சேன், அத்தா. புழுதிக்குள்ள எனக்குத் தெரியலை, அவனுக்குத் தெரியுதாக்கும், அதான் தைரியமாச் சொல்றான்னு அழுத்திட்டேன்."

கடைசியாகக் கம்பத்துக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க?"

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, வேண்டாவெறுப்பாக, "போலாம்னுதான் அர்த்தம்," என்றார்.

"ஏழு பேருக்குப் போலாம். வாத்தியாரு ஒருத்தருக்குத்தான் வலது கை." ராவுத்தர் சாவியை உள்ளங்கையில் உருட்டினார். "இவனைப் பெத்து இருபத்து நாலு வருசமாச்சு. ஒருத்தர் சொன்ன பேச்சை மறுபேச்சில்லாம ஒடனே கேட்டது இன்னைக்குத்தான். அதுக்குப் போயி வண்டியைப் புடுங்கினா, அப்புறம் எவன் பேச்சையும் கேக்க மாட்டான்."

சாவி அவன் கைக்குத் திரும்பிப் போனது. கம்பத்துக்காரர், "அப்ப நான் வந்தது?" என்று கேட்டார். "பிரியாணிக்கு," என்றார் ராவுத்தர். அதற்கு அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை.

இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்தும் கார் வெளியே வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் ஆறு பேரும் கூடி என்னை வைத்துக்கொண்டே விதியைத் திருத்தினார்கள். கண்மாய்க்குள் இனி யாரும் ரைட்டு என்று சொல்லக் கூடாது. வலப்பக்கம் என்றால் சோத்துக்கை, இடப்பக்கம் என்றால் பீச்சாங்கை. புழுதி அடங்கும்வரை அடுத்த வண்டி கிளம்பக் கூடாது என்பதை நான் சேர்த்தேன். அதற்கு எதிர்ப்பு இல்லை. அதன் பிறகு ஆறு வருடம், சித்திரை தோறும், அந்தத் திருப்பத்தில் நின்று "சோத்துக்கை! சோத்துக்கை!" என்று கத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரையில் நின்று கேட்டுவிட்டு, மறுநாள் வகுப்பில் நான் வலப்பக்கம் என்றாலே வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆறு வருடத்தில் டிஞ்சர் தேவைப்பட்டது இரண்டு முறை. இரண்டும் வண்டியால் அல்ல, கருவேல முள்.

வெளியே வந்த காரில், சேறு சொட்டச் சொட்ட, ராவுத்தர் முன்னால் ஏறிக்கொண்டார். கம்பத்துக்காரரும் நானும் பின்னால். சிநேகிதன் வண்டியை எடுத்தான். அப்பா பக்கத்தில் இருக்கிறாரே என்று மாட்டு வண்டி வேகத்துக்குக் கொஞ்சம் மேலே, மிகவும் பவ்வியமாக ஓட்டினான். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து எங்களை முந்திக்கொண்டு போனார். ராவுத்தர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இதுக்கா இவ்வளவு பெரிய வண்டி? மதியத் தொழுகைக்கு நேரமாச்சு, வெரசா ஓட்டு."

சிநேகிதன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். எதிரே மாட்டு வண்டி ஒன்றும் இல்லை, ஆடும் இல்லை. இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் நான் தலையசைத்தேன்.