காப்பி இருந்த இடத்தில் குப்பைத்தொட்டி

பொன்னமராவதியில் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். அன்று கம்ப்யூட்டர் அப்டேட் ஆகித் திரையே மாறியிருந்தது. 'காப்பி', 'டெலிட்' என்ற சொற்கள் போய், வெறும் படங்கள்.

வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர் பென்டிரைவோடு வந்தார். "ஆத்தா தவறிட்டாங்கக்கா. நல்ல போட்டோ இது ஒண்ணுதான். மத்தியானம் எடுக்குறதுக்குள்ள அஞ்சலி பேனர் வேணும்."

அவரைப் பார்த்தபடியே, காப்பி செய்வதாக நினைத்துப் பழைய பழக்கத்தில் அதே இடத்தில் அழுத்தினேன். அங்கே இப்போது இருந்தது டெலிட்டுக்கான குப்பைத்தொட்டிப் படம். திரை கேட்ட கேள்விக்கும் வாசிக்காமல் 'எஸ்' கொடுத்தேன். போட்டோ அழிந்துவிட்டது.

"வந்துருச்சாக்கா?" என்றார்.

அவர் மகள் காதுகுத்துக்கு நான் அடித்த பேனர் சட்டென நினைவுக்கு வந்தது. தேடித் திறந்தேன். மூலையில் பாட்டியாக அந்த ஆத்தாவின் படம் இருந்தது. நடந்ததைச் சொல்லிக் காட்டினேன்.

"இதுல சிரிக்கிறாங்களே. இதையே போடுங்கக்கா."

இப்போதெல்லாம் அம்புக்குறியைப் படத்தின்மேல் நிறுத்தி, பெயர் வந்த பிறகே அழுத்துகிறேன். புதுத் திரை அழகு என்கிறார்கள். அந்தக் குப்பைத்தொட்டியைப் பார்த்தாலே நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன்.