நடுக்களத்தில் அரை விநாடி

ஆஸ்திரேலியக் கால்பந்தில் நடுக்களத்துக்கு வேகம் முக்கியமா, உடற்பலம் முக்கியமா என்று ஜெர்மனியில், பிராந்திய ரயிலில், இரண்டு தமிழர்கள் இரண்டு வருடம் சண்டை பிடித்தோம். இதனால் எவருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆஸ்திரேலியர்களே இதைப் பற்றி இவ்வளவு கதைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஒருவன் நான். நாலு வயதில் இலங்கையில் இருந்து ஹம் என்ற ஜெர்மன் நகரத்துக்கு வந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக இருக்கிறேன். முப்பத்தொன்பது வயது, அறுபத்து நாலு கிலோ. வேகம் என் கட்சி. மற்றவர் கோயம்புத்தூர்க்காரர், பொறியியலாளர். மியூனிக்கில் சில வருடம் இருந்துவிட்டு வேலை மாறி எங்கள் பக்கம் வந்தவர். தொண்ணூறு கிலோவுக்கு மேல். அவர் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை பாஸ் என்பார். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல்தான் சண்டை பிடித்தோம்.

எங்கள் இல்லத்துக்குக் கிழமையில் இரண்டு நாள் வரும் பிசியோதெரபிஸ்ட் ஒரு ஆஸ்திரேலியர். அவர்தான், ரயிலில் போய் நாங்கள் விளையாடும் பக்கத்து நகரத்து அணியின் பயிற்சியாளர். விளையாட ஆள் காணாது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பொறியியலாளரை ஜிம்மில் கண்டு பிடித்தார். நாங்கள் இருவரும் அண்ணன் தம்பி என்று முதல் மூன்று மாதம் அணி நினைத்துக்கொண்டிருந்தது. நாங்களும் திருத்தப் போகவில்லை.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து நீள்வட்டம். அதை எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கையால் குத்தலாம், அல்லது உதைக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். இங்கே அத்தனை பேரைச் சேர்ப்பதற்குள் பருவம் முடிந்துவிடும் என்பதால் ஒன்பது பேர். நடுவர் பந்தை மேலே போட, இரண்டு நெட்டையர்கள் பாய்ந்து தட்டுவார்கள். தட்டிய பந்து விழும் இடத்தில் ஒரு குவியலாக ஆட்கள் விழுவார்கள். அந்தக் குவியலில் இருந்து பந்தோடு வெளியே வருவதுதான் நடுக்களத்துக்காரனின் வேலை.

எங்கள் நடுக்களத்தில் மூன்று பேர். நெட்டையர் ஒருவர் இருந்தார், அவர் நிரந்தரம். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் இருந்தார், அவரும் நிரந்தரம். மூன்றாவது இடம் காலியாக இருந்தது. அதற்குத்தான் நாங்கள் இருவரும்.

எனக்கு அந்த இடம் வேண்டும். பள்ளிக்கூடக் காலத்தில் சாதாரணக் கால்பந்து விளையாடியபோதும் என்னை ஓரத்தில்தான் நிறுத்துவார்கள். ஒல்லிப் பொடியன், ஓடட்டும் என்று. இங்கேயும் ஓரம்தான் கிடைத்தது. அகதிப் பிள்ளை, ஓரம் என்று இதை வைத்து எவரும் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டாம். இடுப்பும் முழங்காலும் இன்னும் ஒரு பருவத்துக்குத்தான் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் நடுவில் நிற்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். ஆனால் கடுமையாக ஆசைப்பட்டேன்.

ரயிலில் எங்கள் கதை இப்படிப் போகும்.

"பந்துக்குக் கிட்ட முதல் போறவனுக்குத்தானே பந்து, அண்ணை? பிந்திப் போய்ப் பலத்தைக் காட்டி என்ன செய்யிறது?"

"முதல்ல போங்க பாஸ், யார் வேணாங்கிறா? போனப்புறம் ஒருத்தன் வந்து மோதுவான்ல? அப்ப நீங்க எங்க இருப்பீங்க? பேசிக் பிசிக்ஸ் பாஸ்."

"நான் தொழிலில நூறு கிலோ ஆளைத் தனியக் கட்டிலில திருப்பிறனான். அதுக்குப் பலம் தேவையில்லை. பாரத்தை எந்தப் பக்கம் விடுறது எண்டு தெரிஞ்சால் காணும்."

"அவர் உங்கள டேக்கிள் பண்றாரா பாஸ்?"

எங்கள் இல்லத்தில் அப்படி முயன்ற ஒருவரும் இருந்தார் என்று சொன்னேன். அவருக்கு எண்பத்தெட்டு வயது. அது கணக்கில் வராது என்று பொறியியலாளர் சொல்லிவிட்டார்.

இரண்டாம் வருடப் பருவத்தின் நடுப்பகுதியில் பயிற்சியாளர் எங்களை மாறி மாறி விட்டுப் பார்த்தார். குவியலுக்கு நான்தான் முதலில் போவேன். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பந்தோடு வெளியே வருவது வேறு யாராவதாக இருக்கும். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. பிறகு ஒருநாள் விளங்கியது போல என்னிடம் வந்து, உனக்கு இடுப்பில் வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லை என்று சொல்லும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவர் அவர். மூன்று கிழமை இடுப்புக்குப் பயிற்சி தந்தார். நானும் செய்தேன்.

அது பலிக்காமல் போகவே கைபேசியில் எடுத்த காணொளியைப் போட்டுக் காட்டினார். நான் வேகமாக வருகிறேன். குவியலுக்குள் நுழைகிறேன். பிறகு சட்டென்று குனிந்து, கீழே கிடப்பவரின் முதுகையோ காலையோ தொட்டு, விரலைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறேன். அதற்குள் பந்து போய்விடுகிறது. அடுத்த குவியல், அதே கதை. ஒரு காட்சியில் எதிரணிக்காரர் ஒருவர் என்னைத் தள்ளிவிழுத்துகிறார். விழும்போது என் கால் அவரில் படுகிறது. விழுந்த இடத்தில் இருந்தபடியே அவருடைய முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

இதைச் செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. கால் ஒருவரில் பட்டால் கை தானாகப் போகும். புத்தகத்தில் பட்டாலும் போகும். ஹம்மில் வளர்ந்த எனக்கு இதை எவரும் இருத்திவைத்துப் படிப்பிக்கவில்லை. இல்லத்தில் கிழவிகளின் காலில் என் சப்பாத்து பட்டாலும் இதைத்தான் செய்வேன். அவர்கள் அதை ஏதோ புதிய சுகாதார விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பயிற்சியாளருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். பிறகு, "ஒவ்வொரு தடவையும் அரை விநாடி போகிறது. அரை விநாடி உன்னிடம் இருந்தால் இடம் உனக்குத்தான்," என்றார்.

அன்று ரயிலில் நான் பொறியியலாளரிடம் கேட்டேன்.

"உங்களுக்கு இந்தப் பழக்கம் இல்லையோ, அண்ணை?"

"ஏன் இல்லாம? ஆனா நான் நின்ன எடத்துலயே நிப்பேன் பாஸ். என் கால் யார் மேலயும் படாது. எல்லாரும்தான் என்னை மிதிப்பாங்க." காலில் இருந்த சிராய்ப்பொன்றைத் தடவினார். "இத்தன பேர் மிதிச்சிருக்காங்க. தொட்டுக் கும்பிட்ட ஒரே ஆள் நீங்கதான்."

இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் அந்த நேரத்தில் அரை விநாடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

பழக்கத்தை விடுவதற்கு முறையாகப் பயிற்சி எடுத்தேன். வரவேற்பறையில் குஷன்களைப் பரப்பி அவற்றை மிதித்துக்கொண்டு ஓடினேன். குஷன்களில் கை போகாது, அதனால் பயனில்லை. பிறகு மகளின் பழைய பாடக் கொப்பிகளை வைத்தேன். முதல் நாள் ஒவ்வொன்றையும் தொட்டுக் கும்பிட்டேன். பத்தாம் நாள் ஒன்றையும் தொடவில்லை. மகள் அதைப் பார்த்துவிட்டுத் தன் புதிய கொப்பிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஒரு நாள் காலை சமையலறையில் மனைவியின் காலை மிதித்துவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"என்ன, மிதிச்சுப்போட்டுப் பேசாமல் போறியள்?"

"பயிற்சி."

"என்ன பயிற்சி?"

"தொடாமல் இருக்கிற பயிற்சி."

அவள் என்னை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தாள். "ஓம். நல்லாத் தேறி வாறியள்," என்றாள். அடுத்த நாள் அவள் என் காலை மிதித்தாள். தற்செயல் என்று நான் நம்பவில்லை. அவளும் தொடவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு மூன்றாவது இடம் எனக்குக் கிடைத்தது. பயிற்சியாளர் அணிப் பட்டியலை வாசித்தபோது பொறியியலாளர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டில் அவர் கட்சியின் வாதம் முழுவதும் இருந்தது. அவரைப் பின்வரிசையில் போட்டார்கள்.

நான் நன்றாக விளையாடினேன். இதில் தன்னடக்கம் காட்டினால் பொய்யாகிவிடும். முதலில் போனேன், பந்தை எடுத்தேன், வெளியே வந்தேன். என் காலுக்குக் கீழே முதுகுகளும் கால்களும் வந்தன, போயின. கை போகவில்லை. நடுவில் நிற்பது நான் நினைத்ததைவிடவும் சந்தோஷமாக இருந்தது.

கடைசி நிமிடங்களில் நாங்கள் நாலு புள்ளி பின்னால் நின்றோம். வரிசையாக நிற்கும் நாலு கம்பங்களில் நடு இரண்டுக்கும் இடையால் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. எதிரணியின் கம்பங்களுக்கு முன்னால் நடுவர் பந்தை மேலே போட்டார். எங்கள் பின்வரிசையும் முன்னுக்கு வந்துவிட்டது. பொறியியலாளர் மைதானத்தின் முழு நீளமும் ஓடி வந்தார். அவர் அப்படி ஓடியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. நெட்டையர் தட்டிய பந்தின்மேல் அவர்தான் முதலில் விழுந்தார். அவர்மேல் மூன்று பேர் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் இருந்து ஒரு கை வெளியே வந்து, பந்தை என் பக்கம் தள்ளிவிட்டது.

அந்த மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு இருந்தது. கோயம்புத்தூரில் இருந்து அவருடைய அம்மா அனுப்பிய கோயில் கயிறு. விளையாடும்போது அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டுவார். அன்று பிளாஸ்டர் கழன்றிருந்தது.

பந்து அந்தக் கைக்கு ஒரு அடி தள்ளிக் கிடந்தது. சுற்றிப் போனால் அரை விநாடி பிந்தும். நான் சுற்றிப் போகவில்லை. அடியில் குமிழ்கள் வைத்த சப்பாத்தோடு அந்தக் கையில் ஏறி மிதித்து, பந்தை எடுத்து, இரண்டு எட்டு வைத்து உதைத்தேன். பந்து நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையால் நேரே போனது. எல்லோரும் வந்து என்மேல் விழுந்தார்கள். ஒருவர் வரவில்லை.

எதிரணியில் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் இருந்தார். அவர்தான் அந்த விரல்களைப் பார்த்தார். நான் தொழிலால் ஆட்களைப் பார்க்கிறவன், பத்து அடி தூரத்தில் இருந்தேன். அணிக்காரர் என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். அறுபத்து நாலு கிலோ என்பதால் அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

திரும்பும் ரயிலில் பொறியியலாளரும் நானும் வழக்கமான இடத்தில் எதிரெதிரே இருந்தோம். அவர் வலக்கை பெரிய வெள்ளைப் பொட்டலமாக மடியில் கிடந்தது. இரண்டு விரல் முறிந்திருக்கலாம் என்று தாதி சொல்லியிருந்தார்; ஹம்மில் இறங்கி நேரே மருத்துவமனைக்குப் போவதாக இருந்தோம். பாதையில் ஏதோ கோளாறு என்று ரயில் வயல்களுக்கு நடுவே நின்றுவிட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. மிதித்துவிட்டு எவ்வளவு நேரத்துக்குள் தொட வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. இரண்டு மணித்தியாலம் பிந்தித் தொடலாமா என்று கேட்கவும் ஆள் இல்லை. கடைசியில் முன்னுக்குச் சாய்ந்து, அந்தப் பொட்டலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலிக்குது பாஸ்," என்றார் அவர்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"இல்ல, இப்ப தொட்டீங்கல்ல, அது வலிக்குது."

கையை எடுத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "உங்கட கை எண்டு தெரிஞ்சுதான் மிதிச்சனான்."

"தெரியும். அடியில கிடந்து உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் கொஞ்சம் தப்பியிருப்பேன். "கோல் நல்ல கோல்," என்றும் சொன்னார்.

ரயில் இன்னும் அசையவில்லை. அவர் பொட்டலக் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"வேகம்தான் வேகம்தான்னு ரெண்டு வருஷமா சொன்னீங்களே பாஸ். மிதிச்சப்ப நல்ல வெயிட் இருந்துச்சு."

முறிந்தது இரண்டு விரல்தான். ஆனால் ஒன்று சரியாகப் பொருந்தாமல், குளிர்காலம் முழுவதும் மருத்துவர் குறித்துத் தந்த ஒவ்வொரு டெர்மினுக்கும் அலைந்தார். தனியாக இருக்கிறவர். சனிக்கிழமைகளில் நான் போய் வெங்காயம் வெட்டி, கறி வைத்து, ஏழு பெட்டிகளில் போட்டுவிட்டு வந்தேன். உறைப்புக் கூட என்று ஒவ்வொரு கிழமையும் குறை சொல்லி, ஒவ்வொரு கிழமையும் பெட்டிகளைக் காலியாக்கி வைத்திருந்தார். வேகம், பலம் என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

வசந்தத்தில் முதல் பயிற்சிக்கு இருவரும் போனோம். மூன்றாவது இடம் உனக்குத்தான் என்று பயிற்சியாளர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். நடுவில் போய் நின்றேன். ஊதுகுழல் பயிற்சியாளரின் வாயில் இருக்க, எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே பொறியியலாளர் புல்லில் அமர்ந்து, வளையாத விரல்களோடு சப்பாத்து நாடாவைக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நடுவை விட்டு வந்து, அவர் முன்னால் முழங்காலிட்டு, வலது நாடாவைக் கட்டினேன். பிறகு இடது நாடா தளர்ந்திருந்தது என்று அதையும் அவிழ்த்துக் கட்டினேன். பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை.