நீலக்கல்லின் அடியில் ஓர் ஓட்டை

நீலக்கல் மோதிரம் போட்டவனை எந்த வியாதியும் அண்டாது என்று நம்பிய முட்டாள் நான். ஏழரைச் சனி, உடம்புக்கு ஆகாது, நடுவிரலில் போட்டுக்கொள் என்றார் ஜோதிடர். கல் தோலைத் தொட்டால்தான் வேலை செய்யுமாம். அதற்காகவே ஆசாரி மோதிரத்தின் அடியில் ஓர் ஓட்டை விட்டிருந்தார். எனக்கு வேலை தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில். புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். ஆம்பளை நர்ஸா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மேட்ரன் அம்மா தினமும் கேட்பார். "அதக் கழட்டிட்டு வரமாட்டியாப்பா? கையில கெடக்குறது மோதிரமா, அழுக்கு மூட்டையா?"

"கழட்டுனா சனி பகவான் வந்துருவாரும்மா. அவருக்கும் ஒரு பெட் போடுவீங்களா?"

வார்டே சிரிக்கும். பாதி அந்தச் சிரிப்புக்காகத்தான் கழற்றாமல் திரிந்தேன்.

நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வருவார். சர்க்கரைக்காரர். வலது கால் பெருவிரலில் புண், நன்றாகவே ஆறிவந்தது.

"வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு தம்பி. நடவுக்கு சேத்துல எறங்கிறலாமா?"

"எறங்குறதென்ன, டான்ஸே ஆடலாம் போங்க."

அன்றைக்கு அவர் புண்ணைத் துடைக்கும்போது கல்லைப் பிடித்திருந்த கம்பி கையுறையைக் கிழித்துவிட்டது. விரலில் ரத்தம். அவருடையதா, என்னுடையதா என்று தெரியவில்லை. புண்ணைத் திறந்தபடி போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். சோப்பு பாதியாகத் தேயும்வரை கழுவினேன். எய்ட்ஸ், காமாலை, இன்னும் பெயர் வைக்காத நோய்கள் எல்லாம் என் வாசலில் வரிசை கட்டி நின்றன. மனைவிக்குப் போன் போட்டு, "புள்ளைங்கள நல்லா பாத்துக்க" என்றேன்.

"ஏங்க, ரத்தம் பட்டதுக்கா உயில் எழுதுறீங்க? வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

திரும்பி வந்து, அதே மோதிரத்தின் மேல் புதுக் கையுறையை மாட்டி, அரைகுறையாகக் கட்டுப் போட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் ஆறுதல் சொன்னார்: "பயப்படாதீங்க தம்பி, நமக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது." என் பயம் தீருவதற்காகச் சோதனைக்கு ரத்தமும் கொடுத்தார். அதில் ஒன்றும் இல்லை என்று சாயங்காலமே தெரிந்தது. கல் காப்பாற்றிவிட்டது என்று வார்டு முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தேன்.

அடுத்த முறை அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். கால் வீங்கியிருந்தது. கட்டைப் பிரிப்பதற்கு முன்பே நாற்றம்.

மேட்ரன் அம்மா திட்டவில்லை. என் மோதிரத்தை உருவி, அடியிலிருந்த ஓட்டையில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றினார். கறுப்பாக வந்தது. அதையும் விவசாயியின் புண்ணிலிருந்து எடுத்த சீழையும் லேபுக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து ரிசல்ட் தாளை என் முன்னால் வைத்தார்.

"படி. ரெண்டுலயும் ஒரே கிருமி."



அந்த வாரமே விவசாயியின் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரைதான் காரணம் என்று டாக்டர் அவர் மகனிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.