லயத்துக்கு ஒரு ஆள்

நான் பார்ப்பது கம்பைலர் வேலை. செயற்கை நுண்ணறிவுக்கென்றே செய்கிற சிப்புகளுக்குப் புரியும் கட்டளைகளாகக் கணக்கை மாற்றித் தருகிற மென்பொருள் அது. சிப்புக்குள் இடம் கொஞ்சம்தான். எந்த எண் உள்ளே இருக்கலாம், எதை வெளியே தள்ளலாம் என்று முடிவெடுக்கிற பகுதியை எழுதுவது என் பொறுப்பு. இப்போதைக்கு வேலை இல்லாத எண்ணுக்கு உள்ளே இடமில்லை. ஈவிரக்கமே கிடையாது.

இதையெல்லாம் நான் எழுதுவது இலங்கையில் கஹவத்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான அந்த வரிசை வீடுகளில், அம்மாவும் நானும் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவில். வீடு தோட்டத்துடையது. வீட்டில் ஒருவராவது கொழுந்து எடுக்கப் போனால்தான் இருக்கலாம். எங்களுக்கு அந்த ஒருவர் அம்மா. அவளுக்கு முழங்கால் வீங்கி மலையேற முடியாமல் போனதும் தோட்டத்து அதிகாரி வாசலுக்கே வந்துவிட்டார். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார்; 'சரி'க்கு 'ஹரி'யும் 'இல்லையா'வுக்கு 'நே'யும் மட்டும் வந்துவிடும்.

"அம்மாவுக்கு ஏலாதுன்னா ஹரி. வேற ஒரு ஆள் வரணும் நே. இல்லாட்டி காம்பராவ வேலைக்கு வாற குடும்பத்துக்குக் குடுக்கச் சொல்றாரு பெரிய தொர."

நல்ல மனிதர்தான். அதனால் அவர்மேல் கத்தவும் முடியவில்லை.

பக்கத்து டவுன் பெல்மதுளையில் வாடகை வீடு பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அங்க போய் சொவத்தப் பாத்துக்கிட்டு குந்தியிருக்கவா? நா வரல. ஒனக்கு வேணும்னா நீ போ புள்ள."

போ என்றால் போய்விட முடியுமா? என்ன பிடிவாதமோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே கோபத்தில் அவளிடம் சொல்லாமல் தோட்டத்து ஆபீசுக்குப் போய், கொழுந்தெடுக்க என் பெயரைப் பதிந்தேன். மறுநாள் காலை அவள் மாத்திரை போட்டுத் தூங்கும்போதே அவளுடைய கூடையை எடுத்துக்கொண்டு, பெயர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் போய் நின்றேன்.

"அடி ஆத்தி, கம்ப்யூட்டர்காரம்மா கொழுந்தெடுக்க வந்துட்டாங்க!" என்று பெண்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே நான் பறிக்க வேண்டிய செடி நிரையையும் காட்டித் தந்தார்கள். மத்தியானத்துக்குள் விரலெல்லாம் கீறல்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் நெற்றியைத்தான் பார்த்தாள். கூடைக் கயிறு அழுத்தி அங்கே ஒரு தடம் விழுந்திருந்தது. அவள் நெற்றியில் எப்போதும் இருக்கிற தடம்.

"கூடைய எறக்கு," என்றாள். "இந்தக் கயிறு ஒன் தலையில ஏறக்கூடாதுன்னுதானேடி நா இத்தன வருஷம் மலையேறுனேன்."

கூடையை இறக்கி வைத்தேன். பிற்பகல் ஆபீஸ் வீடியோ கூட்டத்தில், கையில் என்ன காயம் என்று திரையில் இருந்தவர் கேட்டார். பூனை கீறிவிட்டது என்றேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் கூடையைக் காணோம். வெளியே ஓடினேன். பழைய சேலைத் துணியை முழங்காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி, எல்லோருக்கும் பின்னால் அம்மா மலையேறிக்கொண்டிருந்தாள். கத்திக் கூப்பிட்டேன். காதில் விழாத மாதிரியே ஏறினாள்.

உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்தேன். காம்பரா இன்னும் எங்களுக்குத்தான்.